மதுரைக்குப் போன காரணம்

என் மூத்த மகள் பிறந்து ஒரு மாதம் ஆகியும் அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "அப்படியே அப்பாவ உரிச்சு வச்சிருக்கா" என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் ஒன்றுமே இல்லை. யார் பிள்ளையையோ கொண்டுவந்து என் மடியில் கிடத்திவிட்டுப் போனதுபோல இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியின் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. என் கணவர் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கப்பல் வந்து நிற்கிற நாட்களில் அவர் வீட்டுக்கு வருவதற்கு நேரம் காலம் கிடையாது. நான் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா நாசரேத் பக்கம் தலைமை ஆசிரியராக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் பெண்களும் படித்தவர்கள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தூத்துக்குடியில் நல்ல லேடி டாக்டர் இருந்ததால் நான் பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை. அம்மாதான் வந்து எங்களோடு தங்கினாள்.

முதலில் போனது தூக்கம். குழந்தை தூங்கும்போதும் நான் விழித்துக் கிடந்தேன். அடுத்து பசி போனது. அதற்கப்புறம் அந்த நினைப்பு வந்தது.

நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறு இருந்தது. உப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவவும் துணி அலசவும்தான் ஆகும். ஒருநாள் காலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காய்ந்த துணியை எடுக்கப் போனேன். கிணற்றைப் பார்த்ததும், கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்று தோன்றியது. யாரும் காதில் வந்து சொல்லவில்லை. என் சொந்த நினைப்பு, நான் கணக்குப் போடும்போது நினைப்பதைப் போலவே தெளிவாக வந்தது. மாடிக்கு ஓடிவந்து குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் வீறிட்டாள்.

"ஏளா, பிள்ளையத் தூக்கு. பசிக்கில்லா அழுதா" என்றாள் அம்மா.

"நீயே தூக்கும்மா. எனக்கு முடியல."

"பெத்தவளுக்கு முடியலைன்னா வேற எவளுக்கு முடியும்?"

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது. அதற்குப் பிறகு நான் பின்கட்டுப் பக்கம் போகவில்லை. கேட்டால் வெயில் என்பேன். ஒரு தாய்க்கு இப்படியும் தோன்றும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, யார் சொல்லியும் கேட்டதில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போனால், கோயிலில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் உட்காரக் கூசியது. என் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்தால் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போவதுதான் நியாயம் என்றும் நினைத்தேன்.

எங்கள் குடும்ப டாக்டர் சத்து டானிக்கும் தூக்க மாத்திரையும் கொடுத்தார். பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகும் என்றார். மாத்திரையைப் போட்டால் ஒரு மணி நேரம் மயங்கிக் கிடந்தேன், அவ்வளவுதான். அதன்பிறகு அம்மா சபை ஐயரை வரவழைத்தாள். போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். எழுந்திருக்கும்போது, "மனசுல அறிக்கை பண்ணாத பாவம் ஏதும் இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அவர் போன பிறகு தேட ஆரம்பித்தேன். கல்லூரியில் கூடப் படித்த ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, அப்பாவிடம் எதிர்த்துப் பேசியது என்று எது கிடைத்தாலும் அது கொலைக்குற்றமாகத் தெரிந்தது.

சில நாள் கழித்து ஐயர் அவராகவே மறுபடி வந்தார். அம்மா அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். அவர் என் கணவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் எனக்குக் கேட்டது.

"தம்பி, நான் ஜெபத்த நிறுத்தல. ஆனா இது டாக்டர் பாக்க வேண்டிய காரியம். என் கூடப்பிறந்தவளையே மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், மனநோய் டாக்டர்கிட்ட."

"ஐயா, இவளுக்குப் பைத்தியம்னு சொல்லுதியளா?"

"நான் அப்படிச் சொல்லல. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் நாங்க ஒரு வருஷம் சும்மா இருந்தோம். இருந்திருக்கக் கூடாது." குரலை இன்னும் தாழ்த்தி, "சபையில இது யாருக்கும் தெரியாது. நீங்களும் வெளிய சொல்லாதீங்க" என்றார்.

அவருக்கும் வெட்கமாக இருந்தது என்பது எனக்கு ஆறுதல் தந்திருக்க வேண்டும். தரவில்லை. ஐயருக்கே வெட்கமான ஒன்று என்றால் அது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்றுதான் மனம் போனது.

கடைசியில் மதுரைக்குப் போவது என்று முடிவானது. உறவில் ஒரு கல்யாணம் என்று சொல்லி என் கணவர் அலுவலகத்தில் லீவு வாங்கினார். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அக்காவிடம், மகளின் கண்ணை டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்று அம்மா சொல்லிவைத்தாள். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. விடிந்ததும் மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், முன் சீட்டில் என் மாணவி ஒருத்தியின் அப்பா. தருவைகுளத்துக்காரர், சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர்.

"டீச்சரம்மா, என்ன இவ்வளவு வெள்ளன? குடும்பத்தோட எங்க போறிய?"

"ஒரு கல்யாணம்" என்றார் என் கணவர். "கண்ணு காட்ட" என்றாள் அம்மா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். என் தலை சரியாக வாரியிருக்கவில்லை. சேலையை அம்மாதான் கட்டிவிட்டிருந்தாள். "அப்ப ரெண்டு சோலியையும் முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். வழி நெடுக அவர் மறுபடி திரும்பவே இல்லை. அந்த மனிதர் காட்டிய மரியாதையே என்னைக் குன்ற வைத்தது. அருப்புக்கோட்டை வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வராந்தா பெஞ்சில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவர் வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக ஒரு வங்கி அதிகாரியைப் போல இருந்தார். அவர் அவளுக்குத் துணையாக வந்தவர் என்று நினைத்தேன். அவர்தான் நோயாளி, அவள் அவர் மனைவி என்று பிறகு தெரிந்தது. நான் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். மதுரையில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தாலும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

திறந்திருந்த முதல் அறையில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாந்தமான முகம். அவர்தான் டாக்டர் என்று நினைத்து நாங்கள் உள்ளே போய்விட்டோம். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"டாக்டர், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். தூங்க ஒரு மாத்திரை குடுங்க, போதும்."

"நான் அந்த டாக்டர் இல்லம்மா" என்றார் அவர். "நான் சைக்காலஜிஸ்ட். மனசைப் பத்திப் படிச்சவன், மருத்துவம் படிச்சவன் இல்ல. மாத்திரை எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. டாக்டர் மூணாவது ரூம்ல இருக்கார். அவர் பார்த்துட்டு அனுப்பினா நாம நிதானமாப் பேசுவோம்."

படித்த குடும்பம் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள், இரண்டும் வேறு வேறு வேலை என்றுகூடத் தெரியாமல் வந்திருந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது அறைக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் நடுவயதுக்காரர், பேச்சில் சுருக்கம். என் பாவங்களைக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார், நாடி பார்த்தார், சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்ததா, உதிரப்போக்கு எப்படி இருந்தது, முடி கொட்டுகிறதா என்றெல்லாம் கேட்டார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மனசுக்குன்னு சொல்லித்தான் வந்தோம். கழுத்த எதுக்குப் பிடிச்சுப் பாக்கிய?"

"நான் முதல்ல சாதாரண டாக்டர்தாம்மா. எல்லா டாக்டரும் படிக்கிறதைப் படிச்சிட்டு, அதுக்கு மேல மனநோயைப் படிச்சேன். தைராய்டு கெட்டாலும் இப்படி வரும். ரத்தம் குறைஞ்சாலும் வரும். பிரசவத்துல புண்ணாகிச் சீழ் பிடிச்சாலும் வரும். அதெல்லாம் இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் நான் வேற பேர் சொல்ல முடியும்."

பிறகு, எங்கள் குடும்பத்தில் யாருக்காவது இதுபோல வந்ததுண்டா என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே அம்மா சொன்னாள்: "எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது."

அடுத்த கேள்வியை, இருமல் இருக்கிறதா என்று கேட்பதுபோலவே அவர் கேட்டார். "குழந்தையை ஏதாவது செஞ்சிருவோமோன்னு பயம் வருதா?"

அம்மா பக்கத்தில் இருந்தாள். என் கணவர் பின்னால் நின்றார். குழந்தை அவர் கையில் இருந்தது. "இல்லை" என்றேன். டாக்டர் வற்புறுத்தவில்லை. என்னைச் சில வாரம் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அம்மாவும் குழந்தையும் கூட இருக்கலாம் என்றார்.

வார்டில் சேர்ந்த பிறகு சைக்காலஜிஸ்ட் தினமும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மைக்கறை பட்டதுபோன்ற அட்டைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார். படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். நான் பரீட்சை எழுதுவதுபோல எது சரியான விடையாக இருக்கும் என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். "இதுல மார்க் கிடையாது டீச்சர்" என்று சிரித்தார். ஒரு படத்தில் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் போய்விட்டது. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அப்படியும் கிணற்றைப் பற்றி நான் அவரிடமும் சொல்லவில்லை.

உண்மை வேறு வழியாக வந்தது. வார்டில் ஒரு சோஷியல் ஒர்க்கர் இருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் நோயாளிகளைவிட அவர்களோடு வந்தவர்களிடம்தான் அதிகம் பேசுவாள். வராந்தாவில் அம்மாவோடு உட்கார்ந்து பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டே ஊர்க் கதை கேட்பாள். அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவளிடம் அம்மா என்ன சொன்னாள் என்பது, மறுநாள் டாக்டர் வந்தபோது அம்மாவே வாய் திறந்ததும்தான் எனக்குத் தெரிந்தது.

"டாக்டர், நான் உங்ககிட்ட அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். என் தங்கச்சிக்கு இருந்துச்சு. பிள்ளை பெத்து ரெண்டு மாசத்துல கிணத்துல விழுந்துட்டா."

சித்தி இறந்தபோது எனக்கு ஆறு வயது. மழையில் பாசி பிடித்திருந்தது, தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் கால் வழுக்கிவிட்டது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். தொட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளையை நாங்கள் மாற்றி மாற்றித் தூக்கி வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

"வழுக்கி விழல" என்றாள் அம்மா. "முந்தின நாளு எங்கிட்ட வந்து, அக்கா, பிள்ளையப் பாத்தா பயமா இருக்குன்னா. நான் அவள ஏசி அனுப்பிட்டேன்." அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

டாக்டர் அம்மாவிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. சோஷியல் ஒர்க்கரைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் அம்மாவை மெல்ல வெளியே அழைத்துப் போனாள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேன். திரும்பக் கேக்கலாமா?"

இந்தமுறை சொன்னேன். பாதியில் நிறுத்தி, நிறுத்திச் சொன்னேன். வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வெளியே வரும்போது உடம்பெல்லாம் எரிந்தது. நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பதைப் போன்ற வெட்கம்.

"அப்புறம் கிணத்துப் பக்கம் போனீங்களா?"

"போகல. பயம்."

"போகணும்னு தோணுச்சா? யாராவது போகச் சொல்ற மாதிரி கேட்டுச்சா?"

"இல்ல."

"செய்யணும்னு நினைக்கிறவங்க இருக்காங்க. செஞ்சிருவோமோன்னு பயந்து ஒதுங்குறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே நோய்தான். ஆனா ரெண்டுக்கும் நான் செய்ய வேண்டியது வேற. கேட்டாத்தான் எனக்குத் தெரியும்" என்றார். "நீங்க கெட்ட தாய்னு இதுக்கு அர்த்தம் இல்ல. இப்படிச் சொன்ன தாய்மாரை நான் இதுக்கு முன்னாடியும் பார்த்திருக்கேன்."

வேறு தாய்மார்கள் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் கேட்டேன். நிம்மதி வந்தது. வெட்கமும் அப்படியே இருந்தது.

அன்று மாலை என் கணவர் டாக்டரிடம் கேட்டார். "அந்தக் கண்ணாடி போட்ட சார்கிட்டப் பேசியே சரி பண்ண முடியாதா? மாத்திரை, தலையில கரண்டு வைக்கிறதுன்னு சொல்லுதாவளே, பயமா இருக்கு."

"கரண்ட் வைத்தியம் இப்போ தேவையில்ல. ஆனா சாப்பாடும் தூக்கமும் இப்படிப் போயிருக்கும்போது வெறும் பேச்சு எடுபடாது. மாத்திரை கொடுத்து இவங்களை எழுப்பி உட்கார வைக்கிறது என் வேலை. உட்கார்ந்த பிறகு அவர்கூடப் பேசுறது ரொம்ப உதவும், அதை அவர் என்னைவிட நல்லாச் செய்வார். வீட்டுக்குப் போனப்புறம் அங்கே என்ன மாறணும்னு அந்தப் பொண்ணு பார்த்துக்கும். நான் ஒருத்தனே எல்லாத்தையும் செய்ய முடியாது."

மாத்திரைக்காகத் தாய்ப்பாலை நிறுத்தினார்கள். மார்பில் கட்டிய பாலோடு, பக்கத்துக் கட்டில்காரி பார்க்க, அம்மா டின் பாலைக் கலக்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வாய் வறண்டது, கை நடுங்கியது. முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. டாக்டர் அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். பிறகு ஒரு மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்தேன். பசித்தது. இன்னும் சில நாள் போன பிறகு, அம்மா குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது காது மடல் மேலே கொஞ்சம் மடிந்திருப்பதைப் பார்த்தேன். என் கணவருக்கும் அப்படித்தான் இருக்கும். இத்தனை நாளும் அதை நான் பார்க்கவே இல்லை. "கொண்டாம்மா" என்று கையை நீட்டினேன்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த மாதம் அந்த சோஷியல் ஒர்க்கர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தெருவில் அவள் வழி கேட்டுக்கொண்டு வருவதை மாடி ஜன்னலில் பார்த்ததும் நான் ஜன்னலைச் சாத்தினேன். அவள் படியேறி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கீழ்வீட்டுல கேட்டா நான் யாருன்னு சொல்லணும்?" என்பதுதான். கூட வேலை பார்க்கும் டீச்சர் என்று சொல்லச் சொன்னேன். அவள் முகம் கோணாமல் சரி என்றாள். ராத்திரிப் பால் கொடுக்கும் வேலையை என் கணவர் தலையில் கட்டினாள். பின்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கிணற்றுக்குப் பலகை மூடி போடச் சொன்னாள். மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்று மூன்று பேரிடமும் தனித்தனியே சொன்னாள். பிறகு கீழே போய், வீட்டுக்கார அக்காவிடம் டீச்சராகவே இரண்டு வார்த்தை பேசிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுவருடம் நான் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தேன். அன்று தொட்டிலில் கிடந்த சித்தியின் மகளுக்கு அப்போது சாத்தான்குளத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்த அன்று அம்மா சாப்பிடவில்லை. "அவகிட்டச் சொல்லணும்ளா" என்றாள். "நீயும் வா. உன்னப் பாத்தா நம்புவா."

எனக்குப் போக மனமில்லை. என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவள், அவள் முன்னால் உட்கார்ந்து எனக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். ஆனாலும் போனோம். அம்மா சித்தியைப் பற்றிச் சொன்னாள். நான் என்னைப் பற்றிச் சொன்னேன், கிணறு உட்பட. நாங்கள் முடித்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"எங்கம்மா வழுக்கி விழுந்தான்னு இத்தன வருஷம் எல்லாரும் சேந்து எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கிய. இப்ப எதுக்கு வந்து சொல்லுதிய? நான் நல்லா இருக்கது பிடிக்கலையா?"

காப்பி குடிக்காமல் திரும்பினோம். அவள் பிரசவத்துக்கு எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஆண் குழந்தை என்று மூன்றாவது ஆள் வாயால்தான் தெரிந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அம்மாவை நான் குறைசொன்னேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்தால் வாசலில் அவள் கணவர் நிற்கிறார்.

"மைனி, அவ உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னா. தூங்க மாட்டேங்கா. நீங்க சொன்ன டாக்டர்கிட்டப் போகணும்னு அவளே சொல்லுதா."

நாங்கள் அவளை மதுரைக்கு அழைத்துப் போனோம். ஆரம்பத்திலேயே வந்துவிட்டாள் என்றார் டாக்டர். என்னைவிடச் சீக்கிரம் தேறினாள். வார்டு வராந்தாவில் ஒருநாள், மகனை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள். "அக்கா, எங்கம்மா காலத்துல இப்படி டாக்டர் யாரும் இல்லையா?"

மாத்திரைகள் அப்போது வந்திருக்காது. டாக்டர்கள் எங்காவது இருந்திருப்பார்கள். இருந்தாலும் எங்கள் வீட்டில் யாரும் சித்தியைக் கூட்டிப் போயிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "இல்ல" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். அம்மா எழுந்து உள்ளே போனாள். அந்தப் பேச்சு எங்களுக்குள் அதற்குப் பிறகு வரவில்லை.